அறியேன் என்றவன்

போன ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம், மதியச் சாப்பாட்டு நேரத்தில் தலைமை ஆசிரியர் ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு பேரை முகம் தெரியும், பக்கத்து ஊர்க்காரர்கள். மேசைமேல் ஒரு மாற்றுச் சான்றிதழ் படிவம் பாதி நிரப்பியபடி கிடந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவனுடையது. அவன் பதினொன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியோடு பஸ் ஸ்டாண்டில் நின்று பேசியதை யாரோ பார்த்திருக்கிறார்கள். போனில் செய்தி அனுப்பியதும் வீட்டில் தெரிந்துவிட்டது. பையன் காலனியைச் சேர்ந்தவன். இதற்குமேல் நான் விளக்க வேண்டியதில்லை, தர்மபுரி, கிருஷ்ணகிரி ஆட்களுக்கு மீதி தெரியும். வந்தவர்கள் இரண்டு கேட்டார்கள். பையனை உடனே அனுப்பிவிட வேண்டும். அப்புறம், சான்றிதழில் 'மாணவரின் நடத்தையும் பண்பும்' என்று ஒரு கட்டம் வருமே, அதில் எல்லோருக்கும் போடுகிற மாதிரி 'நன்று' என்று போடக் கூடாது. ஒழுக்கக்கேட்டுக்காக அனுப்பப்பட்டவன் என்று போகிற இடத்தில் தெரிய வேண்டும். அவர்களில் மூத்தவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க தமிழ் ஐயா. உங்களுக்கு வார்த்தைக்கா பஞ்சம்? நல்ல வார்த்தையாப் பாத்துப் போடுங்க."

அந்தக் கடைசி வாக்கியத்தை முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை, ஏறக்குறைய அதே சொற்களில் கேட்டிருக்கிறேன். அன்றைக்கு நல்ல வார்த்தையாகப் பார்த்துப் போட்டேன். அதைப் பற்றி இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அந்த மேசைக்கு முன்னால் நின்றபோதுதான் இனி சொல்லாமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

கோயில் திண்ணையில் எழுதிய மனு

1993. எனக்குப் பத்தொன்பது வயது. தர்மபுரி அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. எங்கள் ஊர் பாலக்கோட்டுப் பக்கம், மானாவாரிக் காடும் கொஞ்சம் மாந்தோப்பும் உள்ள சின்ன ஊர். மழை பொய்த்தால் ஆண்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள். ஊரில் ஒரு தொடக்கப் பள்ளி, அதில் சத்துணவுக் கூடம். அங்கே ஆயாவாக இருந்த பெண் காலனியைச் சேர்ந்தவர். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கணவன் பெங்களூருக்குப் போனவன் திரும்பவில்லை, அங்கே வேறொரு குடும்பம் ஆகிவிட்டது என்று கேள்வி. ஆயா பாத்திரம் கழுவிக்கொண்டு, தண்ணீர் தூக்கிக்கொண்டு இருந்தவரையில் யாருக்கும் ஒரு பிரச்சினையும் இல்லை. சமையல்காரம்மா உடம்பு முடியாமல் நின்றுவிட்டார். வேறு ஆள் வரும்வரை நீயே சமை என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். அவர் கரண்டி பிடித்த அன்றைக்கே ஊர்ப் பிள்ளைகள் தட்டைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகத் தொடங்கினார்கள். நாற்பத்திரண்டு பிள்ளைகள் சாப்பிட்ட இடத்தில் பதினேழு பிள்ளைகள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்னை மாரியம்மன் கோயில் திண்ணைக்குக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை கலெக்டரிடம் மனு கொடுக்க வேண்டும். புல்ஸ்கேப் தாளும் கார்பனும் தயாராக இருந்தன. என் கையெழுத்து அழகாக இருக்கும், அதில் எனக்குப் பெருமை உண்டு. என்ன எழுதுவது என்று கேட்டேன். ஒருவர் உண்மையான காரணத்தையே சொல்லிவிட்டார். பக்கத்தில் இருந்த பெரியவர் கையமர்த்தினார். "சாதியை எங்கயும் எழுதிடாத, கேஸ் ஆயிடும். இப்ப சட்டம் வந்திருக்கு. ஒழுக்கம் சரியில்லைன்னு எழுது." வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் வந்திருந்தது. அது எங்கள் திண்ணைவரைக்கும் வந்து எதை எழுதக் கூடாது என்று கற்றுக்கொடுத்திருந்தது. எதைச் செய்யக் கூடாது என்பது வந்து சேரவில்லை. விறகு இறக்க வருகிற டிராக்டர் ஓட்டுநரோடு அந்த அம்மாவுக்குப் பழக்கம் என்று ஒரு பேச்சு இருந்தது. உண்மையோ பொய்யோ, அது போதும் என்றார்கள்.

நான் எழுதினேன். "மேற்படி பெண் ஒழுக்கக்கேடான நடத்தை உடையவர் என்பதாலும், புகையிலை முதலிய தீய பழக்கங்கள் உள்ளவர் என்பதாலும், இளம் பிள்ளைகளின் உள்ளத்தில் நஞ்சு கலக்கும் அபாயம் உள்ளதாலும்..." மூன்று 'ஆலும்' அடுக்கி வந்ததில் எனக்கு ஒரு மயக்கம். படித்துக் காட்டியபோது பெரியவர் "நல்ல வார்த்தையாப் போட்டிருக்கான்" என்று தலையசைத்தார். முப்பத்தாறு கையெழுத்து, அதில் பதினொன்று கைநாட்டு.

புகையிலை எங்கிருந்து வந்தது என்று சொல்ல வேண்டும். அந்த அம்மாவுடைய பற்களில் பழுப்புக் கறை இருந்தது. என் பற்களிலும் இருந்தது, இன்றும் இருக்கிறது. கையெழுத்துப் போட்டவர்களில் பாதிப் பேருக்கும் இருந்தது. எங்கள் மாவட்டத்துப் பாறைக்குள்ளிருந்து நீரில் கரையும் ஃபுளோரைடு செய்த வேலை அது. லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்குமேல் போனால் ஆகாது என்பார்கள். நிலைத்த பற்கள் உருவாகும் சின்ன வயதில் அந்த நீரைக் குடித்தவர்களின் பல்லில் கறை ஏறிவிடும், எந்தப் பொடியாலும் போகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வரும்வரை எங்களுக்குப் போர்வெல்தான். கல்லூரி விடுதியில் வெளிமாவட்டப் பையன்கள் என் பல்லைப் பார்த்துப் புகையிலை போடுவாயா என்று கேட்டபோது அழுகை முட்டியது. தண்ணீர் செய்ததை என் நடத்தை செய்ததாக நினைக்கிறார்களே என்று இருந்தது. அப்படி இருந்தவன், அதே தண்ணீரைக் குடித்து வளர்ந்த ஒரு பெண்ணின் பல்லைத் தீய பழக்கத்துக்குச் சாட்சியாக எழுதினேன். யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. வாக்கியத்துக்கு மூன்றாவது ஓர் உறுப்பு தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பெரியவர்கள் சொன்ன குற்றங்களில் இன்னொன்றும் உண்டு. ஊர்ப் பிள்ளைகளை அவர் "வாடா தம்பி, உக்காரு" என்று கூப்பிடுகிறாராம். அதுவும் ஒழுக்கக்கேட்டுக் கணக்கில் வந்தது.

படித்துக் காட்டச் சொன்னார்

மூன்று வாரம் கழித்து, விளக்கு வைக்கிற நேரம். அந்த அம்மா எங்கள் வீட்டு வாசலுக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிட்டார். கையில் ஒரு பழுப்பு உறை. வட்டார அலுவலகத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதம், கூடவே மனுவின் நகல். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க மட்டும் தெரியும், கூட்டெழுத்து வராது. ஊரில் யாரிடம் காட்டுவது என்று யோசித்து, காலேஜ் படிக்கிற பிள்ளை என்று என்னிடம் வந்திருக்கிறார். எழுதியது நான் என்று அவருக்குத் தெரியாது.

தெருவிளக்கின் கீழே நின்று என் கையெழுத்தை நானே அவருக்குப் படித்துக் காட்டினேன். குரல் எங்கே போயிற்றென்று தெரியவில்லை, பாதி வார்த்தைகளை விழுங்கிக்கொண்டு படித்தேன். அவர் கல்லில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும் முதலில் கேட்டது இதைத்தான்:

"அரிசி எடுத்தேன்னு எழுதியிருக்காங்களா தம்பி?"

இல்லை என்றேன்.

"எண்ணெய்?"

"இல்லைங்க."

"புள்ளைங்கள அடிச்சேன்னு?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைங்க."

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதை நான் நன்றாகப் பார்த்தேன். "அப்ப சரி" என்றார். பிறகு, "வேற என்னதான் எழுதியிருக்காங்க, நீ படிச்சது எனக்குப் புரியல" என்றார். நடத்தை சரியில்லை, ஒழுக்கக்கேடு என்று எழுதியிருக்கிறார்கள் என்றேன். அந்தச் சொல் அவருக்குப் பிடிபடவில்லை. "ஒழுக்கக்கேடுன்னா என்ன தம்பி?" என்று கேட்டார். நான் தமிழ் படிக்கிறவன். அர்த்தம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. "நடத்தைங்க" என்று மட்டும் திரும்பச் சொன்னேன். "நடத்தைன்னா அரிசி பருப்பு விசயந்தானே? அங்க எனக்கு வேற என்ன இருக்கு?" என்றார். ஒரு நிமிஷம் கழித்து அவருக்கே புரிந்துவிட்டது. "ஓ... அதுவா" என்று தலையைக் குனிந்துகொண்டார். அப்புறம் மெதுவாக, யாரையும் குற்றம் சொல்கிற குரலில் இல்லாமல், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல, "அதுக்கும் சோத்துக்கும் என்ன தம்பி?" என்றார்.

அதற்கும் என்னிடம் பதில் இல்லை. பதில் எழுதிக் கொடு என்றார். வீட்டுக்குள் போய்த் தாளும் பேனாவும் எடுத்து வந்தேன். டிராக்டரைப் பற்றி, கணவனைப் பற்றி, சாதியைப் பற்றி ஒரு சொல்லும் அவர் சொல்லவில்லை. அரிசியைப் பற்றியே சொன்னார். ஒரு பிள்ளைக்கு நூறு கிராம். நாற்பத்திரண்டு பிள்ளை என்றால் நாலு கிலோ இருநூறு. ஊர்ப் பிள்ளைகள் வராமல் போனபிறகு பதினேழு பிள்ளைக்கு ஒரு கிலோ எழுநூறுதான் உலையில் போட்டேன். மீதி அரிசி மூட்டையில் அப்படியே இருக்கிறது, வந்து எடை போட்டுப் பாருங்கள். வராத பிள்ளைகளை வந்ததாகக் கணக்கு எழுத நான் விடவில்லை. என் சொல்லலங்காரம் எதுவும் இல்லாமல் அவர் சொன்னதைச் சொன்னபடி எழுதினேன். கைநாட்டு வைக்கச் சொன்னேன். இல்லை, கையெழுத்துப் போடுவேன் என்று தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாக எழுதினார். அப்போதுதான் அவர் பெயரே எனக்குத் தெரிந்தது. மனுவில் 'இன்னாரின் மனைவி' என்று, ஓடிப்போன கணவனின் பெயரைப் போட்டிருந்தேன்.

அடுத்த மாதம் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் நாற்காலி போட்டார்கள். ஊர்ப் பெரியவர்கள் ஒரு பக்கம், அந்த அம்மா தனியாக ஒரு பக்கம், வேடிக்கை பார்க்கிற கூட்டத்தில் நான். அதிகாரி நல்லவர்தான். மூட்டையைக் கொண்டுவரச் சொல்லி, கொக்கித் தராசில் தொங்கவிட்டு எடை பார்த்தார். கணக்கு சரியாக இருந்தது. அப்புறம் ஃபைலைத் திறந்து மனுவையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரெண்டும் ஒரே கையெழுத்தா இருக்கே" என்றார். "யார் எழுதினது?"

கூட்டத்தில் ஒரு சத்தமும் இல்லை. பெரியவர்கள் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். அந்த அம்மா மட்டும் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்த அந்தக் கணம் அவர் கண்ணில் தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. ஓர் அடி முன்னால் வந்து 'நான்தான் சார்' என்று சொல்ல வேண்டும், இரண்டு சொல். நாக்கு ஒட்டிக்கொண்டது. அதிகாரி இரண்டாவது முறை கேட்டார். அப்போது அந்த அம்மாதான் பேசினார். "இந்த ஊர்ல எழுதத் தெரிஞ்ச புள்ள ஒண்ணுதாங்க சார். யாரு கேட்டாலும் எழுதிக் குடுக்கும்."

என் பெயரை அவர் சொல்லவில்லை. அதிகாரியும் கேட்கவில்லை, ஃபைலை மூடிவிட்டார். ஒரு மாதத்தில் 'நிர்வாக நலன் கருதி' என்று அந்த அம்மாவை வேறு கிராமத்துக்கு மாற்றினார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய இடம். காலைப் பஸ் உலை வைக்கிற நேரத்துக்குப் போய்ச் சேராது. கொஞ்ச நாள் போனார், விட்டுவிட்டார். பிள்ளையைத் தாய் வீட்டில் விட்டு அவரும் பெங்களூருக்குக் கல் தூக்கப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் அடுத்த வருஷம் பி.ஏ. முடித்தேன்.

யாருக்கு எழுதாமல் விட்டோம்

அந்த வயதில் எனக்கு உறைக்காத ஒன்று, பிறகு வருஷங்கள் போகப் போக உறைத்தது. எங்கள் ஊர் அந்தச் சொல்லை எங்கெல்லாம் எடுத்ததில்லை என்பதுதான் அது. கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் பத்து வட்டிக்குக் கொடுத்து இரண்டு குடும்பங்களின் நிலத்தைப் பிடித்தவர். அவருக்கு 'கெட்டிக்காரர்' என்று பெயர். மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்த வீட்டில் ஒரு வாரத்துக்குள் குழந்தைக்கு 'மூச்சு முட்டிவிட்டது' என்பார்கள். எருக்கம்பாலைப் பற்றிப் பெண்கள் குரலைத் தாழ்த்திப் பேசுவதைச் சின்ன வயதிலேயே கேட்டிருக்கிறேன். சேலத்தில் 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் வந்ததும், 2001-இல் அது தர்மபுரிக்கும் வந்ததும் சும்மா இல்லை. அந்த வீடுகளைப் பற்றி 'பாவம், என்ன பண்ணுவாங்க' என்பார்கள். யாரும் திண்ணையில் கூடி மனு எழுதியதில்லை.

மனு எழுதியதற்கு முந்தின வருஷம்தான் எங்கள் மாவட்டத்தில், அரூர்ப் பக்கம் வாச்சாத்தி நடந்தது. 1992 ஜூன் 20. சந்தனக் கட்டையைத் தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த மலையடி ஊருக்குள் நுழைந்தார்கள். வீடுகளை இடித்தார்கள், பதினெட்டுப் பெண்களைச் சீரழித்தார்கள், ஊரையே சிறைக்குள் அடைத்தார்கள். எங்கள் டீக்கடையில் அன்றைக்குப் பேசியது எனக்கு நினைவிருக்கிறது: "கட்டை திருடற பசங்க, ஒழுங்கா இருந்தா எதுக்கு ரெய்டு வரப்போறாங்க." நானும் அதற்குத் தலையாட்டியவன். பத்தொன்பது வருஷம் கழித்து, 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதற்குள் 54 பேர் செத்துப் போயிருந்தார்கள். மீதி 215 பேரும் குற்றவாளிகள். வனத்துறையில் 126, காவல்துறையில் 84, வருவாய்த்துறையில் 5. 2023 செப்டம்பர் 29 அன்று உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்த 215 பேரில் ஒவ்வொருவரிடமும் வேலையில் சேரும்போது நன்னடத்தைச் சான்றிதழ் வாங்கியிருப்பார்கள். யாரோ ஒரு தலைமை ஆசிரியர் 'நன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருப்பார். அதை நினைக்கும்போது எனக்கு அந்தக் கட்டத்தைப் பார்க்கவே பயமாக இருக்கிறது.

பாடம் நடத்துகிறவன் என்பதால் சொல்லுக்குள்ளேயும் தேடினேன். ஒழுகுவது ஒழுக்கம், விடாமல் நடப்பது. இதில் நல்லது கெட்டது எதுவும் தானாக இல்லை. திருக்குறளில் 'ஒழுக்கமுடைமை' அதிகாரத்துக்குப் பரிமேலழகர் சொல்கிற விளக்கத்தை வகுப்பில் படிக்கும்போது எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கும். தத்தம் வருணத்திற்கும் நிலைக்கும் ஓதப்பட்ட ஒழுக்கத்தை உடையராதல் என்கிறார். பிறந்த இடத்துக்கு என்ன விதித்திருக்கிறதோ அதன்படி நடப்பது. அப்படியென்றால் பாத்திரம் கழுவுகிறவர் கரண்டியைப் பிடித்ததே ஒழுக்கக்கேடுதான். எங்கள் பெரியவருக்குப் பரிமேலழகர் யாரென்றே தெரியாது. ஆனால் 'சாதியை எழுதாதே, ஒழுக்கம் சரியில்லை என்று எழுது' என்று அவர் சொன்னபோது ஒன்றை மறைத்து வேறொன்றை எழுதச் சொல்லவில்லை. அவருக்கு இரண்டும் ஒன்றுதான். வள்ளுவரின் குறள் அந்த உரைக்குள் அடங்கிவிடும் என்று நான் நம்பவில்லை. அரிசியை எடை போட்டு உலை வைத்த அந்த அம்மா வள்ளுவருக்கு உரைகாரரைவிட நெருக்கமானவர் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதற்கும் முன்னால் போனால் வேறொன்று கிடைக்கிறது. காதலிக்கிறவர்கள் ஊருக்குத் தெரியாமல் சந்திப்பதை அக இலக்கணத்தில் 'களவொழுக்கம்' என்று பாடம் நடத்துகிறோம். அதுவும் ஒழுக்கம்தான். பஸ் ஸ்டாண்டில் நின்று பேசியதற்காக ஒரு பையனை வெளியே அனுப்பச் சொன்ன அதே பள்ளியில், பத்து அடி தள்ளி இருக்கிற வகுப்பறையில், குறிஞ்சித் திணையின் தலைவன் இரவுக்குறி வருவதை, அதாவது இரவில் தலைவியைச் சந்திக்க வருவதை, நான் கரும்பலகையில் எழுதுகிறேன். திருமணச் சடங்கு ஏன் வந்தது என்பதற்குத் தொல்காப்பியம் சொல்கிற காரணம் 'பொய்யும் வழுவும் தோன்றிய பின்னர் ஐயர் யாத்தனர் கரணம் என்ப' என்பது. கூடிப் பழகியது தப்பாகிவிட்டதால் சடங்கு வைக்கவில்லை. பழகியபின் அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று பொய் சொன்னார்கள், அதனால் வைத்தார்கள்.

அந்தப் பொய் எப்படி இருக்கும் என்று அகநானூற்றின் 256-ஆவது பாட்டு காட்டும். கள்ளூரில் ஒருவன் ஒரு பெண்ணின் அழகை அனுபவித்துவிட்டு, கேட்டபோது 'அறியேன்' என்று சொல்லிப் பொய்ச் சத்தியம் செய்கிறான். அவையில் சாட்சிகளை விசாரிக்கிறார்கள். உண்மை தெரிகிறது. அவனை மரக்கிளையோடு இறுகக் கட்டித் தலையில் சாம்பலைக் கொட்டுகிறார்கள், கூட்டம் ஆரவாரம் செய்கிறது. அந்தப் பெண்ணை ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. அவனைப் புலவர் சொல்கிற சொல் 'அறனிலாளன்'. அவன் தொட்டதற்காக அந்தப் பட்டமா என்றால், பாட்டு அப்படிச் சொல்லவில்லை. 'அறனிலாளன் அறியேன் என்ற' என்று இரண்டும் ஒட்டிக்கொண்டு வருகின்றன. பி.ஏ. மூன்றாம் ஆண்டில், புங்கமரத்தடி விசாரணை நடந்து ஒரு வருஷம்கூட ஆகாத நேரத்தில், இந்தப் பாட்டை வகுப்பில் வாசிக்கச் சொன்னார்கள். என் முறை வந்தபோது எழுந்து நின்றேன். 'அறியேன் என்ற' என்ற இடத்தில் நின்றுபோய்விட்டேன். உடம்பு சரியில்லை என்று சொல்லி உட்கார்ந்தேன்.

எனக்கு அன்றைக்குக் கிடைத்த அர்த்தத்தைத்தான் இன்றைக்கும் வைத்திருக்கிறேன். ஒருத்தர் நம்மை நம்பி முன்னால் நிற்கும்போது அவருடைய நம்பிக்கையை எடுத்துக்கொண்டு 'எனக்குத் தெரியாது' என்று ஒதுங்குவதுதான் ஒழுக்கக்கேடு. தெருவிளக்கின் கீழே அந்த அம்மா என்னை நம்பிக் கல்லில் உட்கார்ந்திருந்தார். அரிசியை எடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்று அவர் பயந்ததும் இதே இடத்திலிருந்துதான். பதினேழு பிள்ளைகள் தட்டோடு அவரை நம்பி உட்கார்ந்திருந்தார்கள்.

சட்டம் இந்த அர்த்தத்தின் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வருகிறது. 1860-லிருந்து இருந்த இந்திய தண்டனைச் சட்டம் 497-ஆவது பிரிவு, இன்னொருவன் மனைவியோடு கணவனின் சம்மதமில்லாமல் உறவுகொள்வதைக் குற்றம் என்றது. கணவன் சம்மதித்தால் குற்றமில்லை. அதாவது உடைமைக்காரரைக் கேட்டாயா என்பதுதான் கேள்வி. 2018 செப்டம்பர் 27 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கியபோது 'இன்னாரின் மனைவி' என்று நான் எழுதிய வரிதான் எனக்கு ஞாபகம் வந்தது. 1996-இல் இன்னொரு வழக்கு. ஹரியானாவில் ஒரு கடைநிலை ஊழியர், பொது இடத்தில் ஆபாசம் என்ற குற்றத்துக்கு 20 ரூபாய் அபராதம் கட்டியிருந்தார். அதையே ஒழுக்கக்கேடு என்று சொல்லி வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அந்தப் பிரிவில் தண்டனை பெற்றாலே ஒழுக்கக்கேடு ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. இப்படி ஒரு தீர்ப்பு வந்ததையெல்லாம் பெங்களூரில் கல் தூக்கிக்கொண்டிருந்தவரிடம் யார் போய்ச் சொல்வது?

கட்டத்தை நிரப்பினேன்

தலைமை ஆசிரியர் அறைக்கு வருகிறேன். நான் எழுத மாட்டேன் என்றேன். பேசியது தப்பென்றால் இரண்டு பேரும்தானே பேசினார்கள் என்று ஆரம்பித்தேன், அது அவர்களுக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. அப்படிக் கேட்டிருக்கக் கூடாது என்று உடனே தெரிந்தது, அது அந்தப் பெண்ணின்மேல் போய் விழும். அதனால் வேறு எதுவும் பேசாமல் படிவத்தை எடுத்து நடத்தை என்ற கட்டத்தில் 'நன்று' என்று எழுதினேன். தலைமை ஆசிரியர் சங்கடத்தோடு, "நாளைக்கு யார் எழுதினாங்கன்னு கேட்டா?" என்றார். "என் கையெழுத்துன்னு சொல்லுங்க சார்" என்றேன். அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை. பையன் எப்படியும் போகத்தான் போனான். அவன் அம்மா அடுத்த நாளே வந்து, பயந்துபோய், சான்றிதழை வாங்கிக்கொண்டு போனார். பதினான்கு கிலோமீட்டர் தள்ளி வேறு பள்ளியில் சேர்த்திருக்கிறார்கள். இடமாற்றத்தை என்னால் தடுக்க முடியவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் நடந்தது திரும்பவும் அப்படியே நடந்தது, அந்த ஒரு சொல் மட்டும் இல்லாமல்.

அந்தப் பெண் பள்ளிக்கு வருவது நின்றுவிட்டது. ஒரு வாரம் பார்த்தேன். அவள் ஊரிலிருந்து வரும் பிள்ளைகளிடம் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஒரு பெண் மட்டும், மற்றவர்கள் போனபிறகு, "அவளுக்கு மாமா ஊர்ல முடிவு பண்ணிட்டாங்க சார், ஆவணியில" என்றாள். அவளுக்குப் பதினாறு வயது. வருகைப் பதிவேட்டில் பிறந்த தேதியை எடுத்துப் பார்த்தேன், பதினாறு முடிந்து மூன்று மாதம். பத்தாம் வகுப்பில் தமிழில் தொண்ணூற்று நான்கு. கல்யாணம் பேசுகிறவர்களில் சிலர் அன்றைக்கு அந்த அறையில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசியவர்கள்.

அன்று சாயங்காலம் பள்ளியிலேயே இருந்தேன். எல்லோரும் போனபிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்து குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குப் போன் செய்தேன். எடுத்த பெண் ஊர், வயது, படிக்கிற வகுப்பு எல்லாம் நிதானமாகக் கேட்டு எழுதிக்கொண்டார். கடைசியில், தகவல் சொல்கிறவர் பெயர் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்ல வேண்டியதில்லை, வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்வோம் சார் என்றார்.

என் பெயரையும், ஊரையும், வேலையையும் சொன்னேன். எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டேன். திரும்ப ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னேன்.